‘இல்லை’ என்று எழுதும் வாரங்கள்

ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். வாரம் ஒருமுறை அதன் முன் நின்று தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றையும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று குறிக்க வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். கேரளத்தில் மாத்ருபூமி நாளிதழின் ‘சீட்’ திட்டம் வழியே பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் இதில் சேர்ந்தார்கள்.

இதன் பெரிய ஆதாயம், பாடப்புத்தகத்துப் பருவகாலம் கண்ணெதிரே பொய்த்துப்போவது. செப்டம்பர், அக்டோபர்தான் இலையுதிர்காலம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, பள்ளி வாசல் அரசமரம் அந்த மாதங்களில் பச்சைப்பசேலென்று நிற்பதைப் பார்க்கிறது. அது இலையைக் கொட்டுவது பெரும்பாலும் மாசி, பங்குனியில். கொட்டிய கையோடு, மழையே இல்லாத வெயிலில், செம்பு நிறத் தளிர் விடுகிறது. தொட்டால் துவளும் அந்தத் தளிர் ஒரு கேள்வியைக் கிளப்பும்: தண்ணீர் எங்கிருந்து வந்தது? எந்த வினாத்தாளிலும் இல்லாத நல்ல கேள்வி.

குறைகளும் உண்டு. ‘கொஞ்சம்’ எங்கே முடிந்து ‘நிறைய’ எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு பிள்ளைகள் ஒத்துப்போவது அரிது. மாமரத்தில் ஒரு கிளை தளிர்த்திருக்கும், மறு கிளை பூத்திருக்கும். ஆல், அரசு, அத்தியில் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால், எத்தனை வருடம் பார்த்தாலும் பூ ‘இல்லை’ என்றே பதிவாகும். ஆண் பனையைத் தத்தெடுத்த பிள்ளை கடைசிவரை நுங்குக்குக் காத்திருக்கும், பாவம். ஆனால் இவையெல்லாம் விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் தீர்ந்துவிடும். ஒரே மரத்தை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டாலே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

தீராத குறை பெரியவர்களின் அவசரம். பூத்தால் படம் எடுப்போம், விழா வைப்போம். ஒன்றுமே நடக்காத வாரங்களில் நோட்டு வெறுமையாகக் கிடக்கும்; மதிப்பெண் என்று வந்ததும் முந்தின இரவு உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்புவார்கள். அறிவியலுக்கு அந்த ‘இல்லை’தான் உயிர். போன வாரம் ‘இல்லை’ என்று இருந்தால்தான் இந்த வாரப் பூவுக்குத் தேதி கிடைக்கும். கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களின் குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அதனால்தான் 2021 மார்ச் 26இல் அது முழுதாய்ப் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது. நம்மூர்க் கொன்றை விஷுவுக்கு வெகு முன்பே பூத்துவிடுகிறது என்று பேசிக்கொள்கிறோம். எத்தனை நாள் முன்பு என்று கேட்டால், எடுத்துக் காட்ட நீண்ட காலக் குறிப்பேடு இல்லை.

அந்தக் கொன்றையும் வேம்பும் குல்மோஹரும் பூத்துக் குலுங்கும் சித்திரை, வைகாசியில்தான் பள்ளிக்குப் பூட்டு. வருடத்தின் முக்கியமான வாரங்கள் நோட்டில் காணாமல் போகின்றன. பள்ளி வளாகத்து மரத்தோடு மட்டும் இந்தப் பழக்கத்தைக் கட்டிப்போட்டால் அது அரைகுறைதான். ஜூனில் மரம் ஒதுக்கும் ஆசிரியர்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேம்பையோ புங்கையோ பிள்ளைக்குக் கொடுங்கள். மதிப்பெண்ணை மட்டும் கொடுக்காதீர்கள்.