கோட்டில் நிற்பதற்கு முன்

நம் ஊர் மாரத்தான்களில் தொடக்கக் கோட்டருகே விடியற்காலையில் தவறாமல் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். மேடையில் ஜும்பா, குத்துப்பாட்டுக்குக் கூட்டமே கைகால் வீசும். ஓரத்தில் சிலர் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை இழுத்துப் பிடித்தபடி நிற்பார்கள். இரண்டுக்கும் பெயர் வார்ம்-அப். ஓடுகிறவருக்கு இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

தசையை இழுத்துப் பிடித்தால் காயம் வராது என்பது பள்ளி பி.டி. வகுப்பில் படித்த பாடம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்தது. இரு பிரிவினரும் வார்ம்-அப் செய்தார்கள். ஒரு பிரிவு மட்டும் கூடவே தசைகளை இழுத்துப் பிடித்தது. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் விசை சற்று நேரத்துக்குக் குறையும் என்பதும் பின்னர் தெரியவந்தது. இழுத்துப் பிடிப்பதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்துக்கு முன் தசைக்குத் தேவை சூடு. சூடேறிய தசையில் ரத்தம் ஆக்சிஜனை எளிதாக விடுவிக்கிறது, நரம்பின் கட்டளை வேகமாகப் பாய்கிறது. ஐந்து நிமிடம் வேக நடை, ஐந்து நிமிடம் மெதுவோட்டம். பிறகு ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் வீசுங்கள், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. முதல் இரண்டு மூன்று வீச்சு கட்டைபோல இருக்கும், ஏழாவது எட்டாவதில் இடுப்பு தளர்வதை நீங்களே உணர்வீர்கள். கடைசியாக எண்பது மீட்டர் தூரத்தை வேகம் கூட்டிக்கொண்டே ஓடி, நடந்து திரும்புங்கள். மூன்று நான்கு தடவை போதும்.

இத்தனையும் 5 கி.மீ., 10 கி.மீ. போட்டியில் நேரம் பார்த்து ஓடுபவர்களுக்கு. தூரம் குறையக் குறைய வார்ம்-அப் நீள வேண்டும். 100 மீட்டர் வீரருக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். முழு மாரத்தானில், தசை எரிபொருளாகச் சேமித்த கிளைகோஜனை முன்கூட்டியே செலவழிப்பது நஷ்டம். முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓடினால் அதுவே வார்ம்-அப். கென்யாவின் முன்னணி வீரர்களே அன்றாட ஓட்டத்தை நடைக்குச் சற்று மேலான வேகத்தில்தான் தொடங்குகிறார்கள்.

நம் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானுக்கு முன் அமெரிக்காவின் மெப் கெஃப்லெஸிகியும் டீனா கேஸ்டரும் பனிக்கட்டி வைத்த மேலங்கி அணிந்து உடம்பைக் குளிர்வித்துக்கொண்டார்கள். கெஃப்லெஸிகிக்கு வெள்ளி, கேஸ்டருக்கு வெண்கலம். தொடங்கும் முன்பே சட்டை நனைய ஆடுவது நம் கடற்கரைச் சாலைகளில் நிச்சயம் வேண்டாதது. ஆடி முடித்து நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் தசையில் ஏறிய சூடும் இறங்கிவிடும்.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடை நிகழ்ச்சியைச் சுருக்கி, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் நூறு மீட்டர் சாலையை மெதுவோட்டத்துக்காகக் காலியாக விடுங்கள்.