பழுதான லிஃப்டும் மூடாத வார்டும்

ஒரு பொது மருத்துவமனையை மூட நினைப்பவர்கள் முதல் நாளே பூட்டோடு வருவதில்லை. பழுதான லிஃப்டைச் சரிசெய்யாமல் விடுகிறார்கள். காலியான செவிலியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள். நோயாளிகள் குறைந்ததும் ‘பயன்பாடு இல்லை’ என்று கோப்பில் எழுதுகிறார்கள். 1970களில் லண்டன் யூஸ்டன் சாலையிலிருந்த எலிசபெத் காரெட் ஆண்டர்சன் மருத்துவமனையும் இப்படித்தான் மெல்ல மெல்லத் தேயவிடப்பட்டது.

பெண்களுக்காகப் பெண் மருத்துவர்களே நடத்திய மருத்துவமனை அது. 1872இல் ‘பெண்களுக்கான புதிய மருத்துவமனை’ என்ற பெயரில் தொடங்கி, நிறுவியவரின் மறைவுக்குப் பின் அவர் பெயரைப் பெற்றது. நமக்கும் அதனோடு ஓர் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1885இல் சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கிய மேரி ஷார்லீப், லண்டன் திரும்பியபின் அறுவை மருத்துவராகப் பணியாற்றியது இங்கேதான். அவர் சென்னையில் தொடங்கியதைத் திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். ஆணிடம் உடலைக் காட்டத் தயங்கிய பெண்கள் வைத்தியம் இல்லாமலே சாகக் கூடாது என்ற எண்ணம்தான் இரண்டு கட்டடங்களுக்கும் அடித்தளம்.

1976இல் பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. பொதுச் செலவுகள் வெட்டப்பட்டன. அந்தச் சூழலில், மூடல் அறிவிப்பை எதிர்கொண்ட மருத்துவமனை ஊழியர்கள் நவம்பரில் ஒரு முடிவெடுத்தார்கள்: வேலையை நிறுத்துவதில்லை, தொடர்வது. ஆங்கிலத்தில் இதற்கு ‘வொர்க்-இன்’ என்று பெயர். நம்மிடம் வேலைநிறுத்தம், கதவடைப்பு, உள்ளிருப்புப் போராட்டம் என்ற சொற்கள் இருக்கின்றன. வேலை செய்வதையே போராட்டமாக்குவதற்குச் சட்டென ஒரு சொல் அகப்படுவதில்லை. ‘பணித்தொடர்ப் போராட்டம்’ என்று வைத்துக்கொள்வோம்.

1971இல் கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் இதே வழியில் போராடியிருந்தார்கள். தொழிற்சங்க வரலாறுகள் அந்த ஆண்களின் போராட்டத்தை விரிவாகப் பேசுகின்றன. மருத்துவமனையை அதன் பின்தொடர்ச்சியாகச் சொல்லிவிட்டு நகர்கின்றன. இங்கேதான் எனக்கு மாறுபாடு. பாதி கட்டிய கப்பல் துறையிலேயே நிற்கும். தொழிலாளர் கையில் அது ஒரு பிணை. மருத்துவமனையில் அப்படிப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. குணமானவர் வீட்டுக்குப் போய்விடுவார். வார்டில் நோயாளி இருக்கும்வரைதான் நிர்வாகம் சம்பளமும் மருந்தும் தந்தாக வேண்டும். ஆகவே, வெளியே இருக்கும் மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் சேர்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். நேற்று வென்றதை இன்று மறுபடியும் வெல்ல வேண்டும். நாள்தோறும் முதலிலிருந்து தொடங்கும் வேலை என்றால் என்னவென்று பெண்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நிர்வாகத்துக்கும் இந்தச் சூட்சுமம் புரிந்தது. 1977 அக்டோபரில் ஹவுன்ஸ்லோ மருத்துவமனையில் இதே போராட்டம் நடந்தபோது, அதிகாரிகள் ஆட்களோடு வந்து நோயாளிகளை வெளியேற்றிக் கட்டில்களைப் பிரித்துப் போட்டார்கள்.

இந்த வடிவத்தைக் கேள்வியின்றிப் போற்றவும் முடியவில்லை. செவிலியர் வேலையை நிறுத்தினால் ‘ஈவிரக்கமற்றவள்’. தொடர்ந்தால் ‘தாயுள்ளம் கொண்டவள்’. இரண்டாவது பட்டமும் பொறிதான். அவளது உரிமைக் கோரிக்கையை அது கருணையாக மாற்றிவிடுகிறது; கருணைக்கு ஊதியம் கேட்பது அசிங்கம் என்றும் சொல்லிவைக்கிறது. மருத்துவமனையைக் காக்கும் போராட்டங்களைப் பற்றி எழுதும்போது ‘தாய்மார்களின் போராட்டம்’ என்று நாமும் எளிதாக எழுதிவிடுகிறோம். அவர்கள் துப்புரவாளர், சமையலாளர், செவிலியர், மருத்துவர். தொழிலாளர் என்ற பெயரை முதலில் கொடுப்போம்.

1979இல் மருத்துவமனை தப்பியது. ஆனால் பெண்நோய் சிகிச்சைக்கான சிறிய மருத்துவமனையாக மட்டும். வெற்றிக் கதைகள் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. பெண்ணின் முழு உடலையும் பார்க்கவென்று பிறந்த ஓர் இடம், கருப்பையைப் பார்க்கும் இடமாகச் சுருங்கியது. இன்று அந்தப் பழைய கட்டடம் யூனிசன் தொழிற்சங்கத் தலைமையகத்தின் ஒரு பகுதி. காரெட் ஆண்டர்சன் பெயர், பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் மகப்பேறு நடக்கும் கட்டடத்தில் இருக்கிறது.

தோற்ற கதையும் உண்டு. 1912இல் இரண்டு பெண் அறுவை மருத்துவர்கள் தொடங்கிய தென் லண்டன் பெண்கள் மருத்துவமனை 1984இல் மூடப்பட்டது. பெண்கள் உள்ளே புகுந்து, 1985 மார்ச்சில் வெளியேற்றப்படும்வரை அதைப் பிடித்துவைத்திருந்தார்கள். துணிவுக்குக் குறைவில்லை, வார்டில் நோயாளிகள்தான் இல்லை. ஆட்சியும் மாறியிருந்தது. இன்று அந்த முகப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பது டெஸ்கோ பேரங்காடி.

2013இல் லூவிஷம் மக்கள் வேறு வழியில் போனார்கள். தனியார் நிதி ஒப்பந்தக் கடனில் மூழ்கியது பக்கத்து மருத்துவமனை நிர்வாகம். அதை மீட்க, நிதிநிலை சீராயிருந்த லூவிஷத்தின் அவசர சிகிச்சையையும் மகப்பேறு வசதியையும் வெட்டும் திட்டம் வந்தது. ஜனவரி 26 அன்று ஏறத்தாழ 25,000 பேர் குழந்தை வண்டிகளோடு தெருவில் நடந்தார்கள். அமைச்சர் ஜெரமி ஹன்ட் தம் அதிகாரத்தை மீறினார் என்று ஜூலையில் உயர் நீதிமன்றமும் அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. மருத்துவமனை பிழைத்தது. மறு ஆண்டே அரசு ‘கேர் சட்டம்’ 120ஆம் பிரிவின் வழியே, அந்த இல்லாத அதிகாரத்தைச் சட்டமாக்கிக்கொண்டது. லூவிஷம் தப்பியது, அடுத்த ஊருக்கு அந்த வழி அடைபட்டது.

அப்படியானால் இவற்றை ஏன் படிக்க வேண்டும்? வார்டு மூடினாலும் நோய் மூடுவதில்லை. புண்ணைக் கழுவுவது, மருந்து எடுத்துத் தருவது, இரவு விழித்திருப்பது எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். வீட்டில் அவற்றைச் செய்யப்போவது யாரென்று எல்லோருக்கும் தெரியும். அரசின் கணக்கில் ‘மிச்சம்’ என்று வரும் தொகை ஒரு மகளின் விட்டுப்போன வேலையாக, ஒரு மருமகளின் தூக்கமாக வேறெங்கோ செலவாகிறது. அந்தச் செலவை எழுத எந்த வரவு செலவு அறிக்கையிலும் பத்தி கிடையாது. யூஸ்டன் சாலைப் பெண்கள் அந்த வேலையை வீட்டுக்கு அனுப்ப மறுத்து, சம்பளப் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டு நீண்ட அந்தப் போராட்டத்தை இப்படியும் படிக்கலாம். நம் ஊரில் ஒரு வார்டு ‘இணைக்கப்படுகிறது’, ஒரு பிரிவு ‘இடம் மாறுகிறது’ என்ற செய்தி வரும்போது, அந்த வேலை இனி யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் கேட்போம்.