எசமானரின் கணக்கேடும் அடிமையின் நாளும்: உரோம வரலாற்று நாவல்கள் இரண்டு பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கதைமாந்தர் மெய்யாக வாழ்ந்தோரா, அதிற் கூறப்படும் போர்கள் உண்மையில் நிகழ்ந்தனவா என்பவற்றையே ஆராய்வர். ஆயின் நாவலின் பக்கங்களை நிரப்புவன அரசர் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் மட்டுமல்ல. கதைமாந்தர் எதனை உண்டனர், எங்கு உறங்கினர், அவர்தம் விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்னும் சிறு செய்திகளே கதையை நடத்திச் செல்கின்றன. இச்செய்திகளை எழுத்தாளன் எங்கிருந்து பெறுகின்றான்? பெற்றவற்றை எவ்வாறு பயன்படுத்துகின்றான்? பண்டைய உரோமைக் களமாகக் கொண்ட இரு ஆங்கில நாவல்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முயல்கிறது.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுட் புதையுண்ட பொம்பெயி நகரின் அகழ்வு 1748இல் தொடங்கியது. பாண் சுட்ட போறணைகள், மாவரைத்த கற்கள், தெருவோர உணவுக்கடைகள், சுவர்களில் எழுதப்பட்ட தேர்தல் வேண்டுகோள்கள் யாவும் அங்கே வெளிப்பட்டன. வட இங்கிலாந்தின் விந்தொலாந்தா என்னும் உரோமப் படையரணில் 1973 முதல் கண்டெடுக்கப்பட்ட மெல்லிய மரஏடுகளில், அதிகாரி ஒருவரின் மனைவி தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் கடிதமும், காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பப்பட்ட செய்தியும் உள்ளன. அங்கதக் கவிஞரான மார்சியல், யுவெனல் ஆகியோரும், கடிதங்கள் எழுதிய இளைய பிளினியும் தத்தம் காலத்து வாழ்வை நுணுக்கமாகக் காட்டியுள்ளனர். 1939இல் வெளிவந்த ஜெரோம் கார்க்கோப்பினோவின் உரோம அன்றாட வாழ்வு பற்றிய நூல் இத்தகைய எழுத்துகளிற் பெரிதும் தங்கியுள்ளது.

எனினும், இவ்விலக்கியங்களை ஆக்கியோர் எவ்வர்க்கத்தைச் சார்ந்தோர் என்பதை நாம் மறத்தலாகாது. அடிமைகளின் உழைப்பு இயல்பான ஒன்றாகக் கருதப்பட்ட சூழலில் அவர்கள் எழுதினர். விருந்தினர் முன் வைக்கப்பட்ட உணவுகளை அவர்கள் வரிசைப்படுத்துவர். அவற்றைச் சமைத்தவர் எப்போது உண்டார் என்பதைப் பெரும்பாலும் கூறார். இச்சான்றுகளை அப்படியே ஏற்கும் நாவலாசிரியன், தான் அறியாமலே எசமானரின் கண்களால் உலகைக் காணத் தொடங்குகின்றான்.

எட்வேர்ட் புல்வர் லிற்றன் 1834இல் வெளியிட்ட ‘பொம்பெயியின் இறுதி நாட்கள்’ இதற்குத் தக்க உதாரணமாகும். அவர் அகழ்வுகளை நேரிற் கண்டவர். பொம்பெயி பற்றி நூலெழுதிய வில்லியம் ஜெல் என்பவருக்கே நாவலைக் காணிக்கையாக்கினார். சில ஆண்டுகளுக்கு முன்னர் அகழப்பட்டிருந்த ‘துன்பியற் கவிஞன் இல்லம்’ கதாநாயகன் கிளோக்கஸின் வீடாக நாவலில் உருப்பெற்றது. குளிப்பிடங்களும் விருந்துகளும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. ஆராய்ச்சியிற் குறை காண்பது எளிதன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. நாவலின் முக்கிய அடிமைப் பாத்திரம் நைடியா என்னும் கண்ணிழந்த பூக்காரி. தவறணைக்காரனின் மனைவி அவளை அடித்துத் துன்புறுத்துகிறாள். கிளோக்கஸ் அவளை விலைக்கு வாங்கியதும் அத்துன்பம் நீங்குகிறது. இங்கே அடிமைமுறை என்பது தீய எசமானுக்கும் நல்ல எசமானுக்கும் இடையேயான வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. அதன்பின் அவளது அகவுலகு முழுவதையும் கிளோக்கஸ் மீதான காதலே ஆட்கொள்கிறது. எரிமலை வெடித்த இருளில் அவனையும் அவன் காதலியையும் காப்பாற்றியபின் அவள் கடலில் உயிர்விடுகிறாள். வீட்டின் தரையையும் சுவரையும் அளந்து எழுதிய ஆசிரியர், அவ்வீட்டில் உழைத்தோரின் நாளை அளக்கவில்லை.

பிளோபேரின் ‘சலம்போ’ நாவலை ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச், அதிற் காணப்படும் தொல்பொருள் நுணுக்கம் மாந்தரின் அகவாழ்வோடு இணையாத புறத்தோற்றமாகவே நின்றுவிடுவதைச் சுட்டினார். அக்கூற்று லிற்றனுக்கும் பொருந்தும். பொருள்கள் மனித உறவுகளை வெளிப்படுத்தாதவிடத்து நாவல் நூதனசாலையாகிவிடுகிறது.

அப்படியாயின், எசமானர் விட்டுச்சென்ற சான்றுகளிலிருந்து அடிமையின் வாழ்வை அறியவே முடியாதா? முடியும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் மூத்த கேற்றோ எழுதிய வேளாண்மை நூலை நோக்குக. விலங்கிடப்பட்ட அடிமைக்கு மாரிகாலத்தில் 4 இறாத்தல் பாண். திராட்சைத் தோட்டத்தைக் கொத்தத் தொடங்கியதும் 5 இறாத்தல். அத்திப்பழங்கள் பழுக்கத் தொடங்கியதும் மீண்டும் 4 இறாத்தல் என அவர் விதிக்கின்றார். புதிய ஆடை கொடுக்கும்போது, ஒட்டுத்துணி தைப்பதற்குப் பழையதைத் திருப்பி வாங்கவேண்டும் என்கின்றார். முதுமையுற்ற அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறும் அறிவுரை கூறுகின்றார்.

இது சிக்கனத்தைப் போதிக்கும் எசமானின் கணக்கேடு. ஆயினும் அந்த ஓர் இறாத்தல் குறைப்பில் ஒரு கதையே அடங்கியுள்ளது. மரத்தடியில் அடிமை பறித்துண்ணக்கூடிய பழத்தையும் எசமான் முன்கூட்டியே கணக்கில் எடுத்துவிட்டான் என்று நாம் கொள்ளலாம். இவ்வாறு சான்றை எதிர்நிலையில் நின்று வாசிப்பதே வரலாற்று நாவலாசிரியனின் ஆராய்ச்சியாகும்.

இத்திசையில் முயன்றவர் ஹோவார்ட் பாஸ்ற். அமெரிக்கக் காங்கிரசை அவமதித்த குற்றச்சாட்டில் 1950இற் சிறைசென்ற அவர், வெளியீட்டாளர்கள் மறுத்தமையால் ‘ஸ்பாட்டகஸ்’ நாவலை 1951இல் தாமே வெளியிட்டார். கி.மு. 73 முதல் 71 வரை நிகழ்ந்த அடிமைகளின் எழுச்சியே அதன் பொருள். அவ்வெழுச்சியில் ஈடுபட்ட எவரது எழுத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. நமக்கு அதனை விரிவாகக் கூறும் புளூற்றாக், அப்பியன் ஆகியோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின் எழுதியவர்கள். பாஸ்ற் இவ்வின்மையையே நாவலின் உருவமாக்கினார். கதை தொடங்கும்போது ஸ்பாட்டகஸ் இறந்துவிட்டான். கப்புவாவுக்கும் உரோமுக்கும் இடையே 6000 பேர் சிலுவையில் அறையப்பட்ட சாலையில் உயர்குடி இளைஞர் பயணம் செய்கின்றனர். ஸ்பாட்டகஸ் பெரும்பாலும் பிறரின் பேச்சினூடாகவும் நினைவினூடாகவுமே உருப்பெறுகின்றான். உள்ளடக்கம் உருவத்தைத் தீர்மானித்ததற்கு இது சிறந்த சான்றாகும்.

ஆயினும் பாஸ்ற் குறையற்றவர் அல்லர். உருக்கம் மிகுந்த சுரங்கப் பகுதியை அவர் நூபியாவில் அமைத்து, ஸ்பாட்டகஸை அங்கே உழலும் அடிமையாகக் காட்டுகின்றார். இதற்கு ஆதாரமில்லை. புளூற்றாக் அவனைத் திரேசியன் என்கின்றார். நூபியாவை அடுத்த எகிப்து கி.மு. 30இலேயே உரோமின் ஆட்சிக்குட்பட்டது. மேலும், பாஸ்றின் ஸ்பாட்டகஸ் மாசற்ற இலட்சிய வீரனாக உயர்த்தப்படுவதால், பசியும் சலிப்பும் கொண்ட மனிதனாக அவனைக் காண்பது அரிதாகிறது. அடக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் எழுத்தாளனுக்குச் சான்றைப் பேணும் கடமை இரட்டிப்பாகும். அவனது நேர்மையான கோபத்தையும், ஒரு பிழையைக் காட்டிப் புறந்தள்ளப் பலர் காத்திருப்பர்.

பொம்பெயிக்கு அண்மையிலுள்ள சிவித்தா ஜூலியானா மாளிகையில் 2021இல் ஒரு சிற்றறை வெளிப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய 16 சதுர மீற்றர் பரப்புடைய அவ்வறையில் மூன்று மரக்கட்டில்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் நீளம் 1.4 மீற்றர் மட்டுமே. அதிற் சிறுபிள்ளை ஒன்று உறங்கியிருக்கலாம் என்பர். அங்கேயே சாடிகளும் குதிரைச் சேணப் பகுதிகளும் வைக்கப்பட்டிருந்தன. பொருள்களின் களஞ்சியமே மனிதரின் உறைவிடமாயிருந்தது.

இச்சான்று லிற்றனுக்கும் பாஸ்றுக்கும் கிடைக்கவில்லை. இனி எழுதுவோருக்குக் கிடைத்துள்ளது. அக்கட்டிலின் அளவைப் பிழையின்றி எழுதுதல் ஆராய்ச்சியின் தொடக்கம் மட்டுமே. அதிற் படுத்த பிள்ளையை விடியுமுன் எழுப்பியவர் யார், எவ்வேலைக்காக எழுப்பினர் என்று கேட்கும் நாவலே உரோமின் அன்றாட வாழ்வைக் கூறிய நாவலாகும்.