பந்தூன் கேட்ட செவி

மலாயா மண்ணைக் களனாகக் கொண்டு ஐரோப்பிய மொழிகளில் எழுந்த புதினங்களுள் சிறப்புடைய ஒன்று, ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இயற்றிய ‘மலேசி’ என்பதாகும். 1930-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பெருமைமிக்க கொன்கூர் பரிசு இந்நூலுக்கு வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே எரிக் சட்டன் என்பார் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘மலாயாவின் ஆன்மா’ எனப் பொருள்படும் தலைப்பிட்டார். மூலத்தின் பெயரில் ‘ஆன்மா’ என்னும் சொல் இல்லை. நாட்டின் பெயர் மட்டுமே உண்டு. ஒரு நாட்டின் ஆன்மாவைக் காட்டுவது என்று ஒரு நூல் போற்றப்படும்போது, அந்நாட்டில் வாழ்ந்தோருள் யாருடைய ஆன்மா அதில் பேசுகிறது என வினவுவது திறனாய்வாளர் கடன். தமிழாசிரியர்க்கு இவ்வினா மேலும் நெருக்கமானது. இந்நூலாசிரியர் வாழ்ந்த கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மரம் பேணிப் பால் வெட்டியவருள் மிகப் பலர் தமிழரே.

ஆசிரியரை ஆக்கியோர்

ஃபொக்கோனியே 1879-இல் பிரான்சின் பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தார். இசையும் நாடகமும் நாள்தோறும் புழங்கிய இல்லம் அவருடையது. அண்டை வீட்டு இளமைத் தோழர், பின்னாளில் ழாக் ஷார்தோன் என்னும் புனைபெயரில் புகழ்பெற்ற புதின ஆசிரியர். தங்கை ழெனவியேவ் 1933-இல் ஃபெமினா பரிசு பெற்ற எழுத்தாளர். தந்தையார் மறைந்தபின் ஃபொக்கோனியே இங்கிலாந்து சென்று, அங்கொரு பள்ளியில் பிரெஞ்சு மொழியோடு இசையும் கற்பித்தார். ஆகவே, 1905-இல் பொருள் தேடி மலாயாவுக்கு வந்தவர் வெறும் வணிகர் அல்லர். ஒலியிலும் சந்தத்திலும் பழகிய செவியோடு வந்தவர்.

சிலாங்கூர் ஆற்றின் கரையில், ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் அவர் நிலம் பெற்று இரப்பர் பயிரிட்டார். சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து முதலில் அழகுக்காக வளர்த்தார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில், காப்பிப் பயிர் பயன்தராமற் போன நிலத்தில், வாணிகத்துக்குரிய முதற் செம்பனைப் பயிரை நட்டார். மலேசிய நாட்டின் பெருஞ்செல்வமாக வளர்ந்த செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். அத்தோட்டம் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்குகிறது. ஊரின் பெயர் மாறியும் தோட்டத்தின் தமிழ்ப்பெயர் நிலைத்தது. பனை வளர்ந்த நிலத்துக்குத் தென்னையின் பெயர் என்பது ஒருபுறமிருக்க, அந்நிலத்தில் எம்மொழி ஒலித்தது என்பதற்கு அப்பெயரே சான்றாகும்.

நூலின் அமைதி

கதையை உரைப்பவன் லெஸ்கால் என்னும் பிரெஞ்சு இளைஞன். முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் ரொலேன் என்பவனைச் சந்திக்கிறான். போர் முடிந்தபின் மலாயாவில் மீண்டும் அவனைக் காண்கிறான். ரொலேன் தோட்டக்காரன், ஆயினும் துறவி போன்றவன். லெஸ்காலுக்கு நிகழ்ச்சிகளைவிட இந்த ஒரு மனிதனின் நட்பே ஆசானாக அமைகிறது. அந்நட்பின் வழியே காடும், ஆறும், மலாய் மக்களின் வாழ்வும் அவனுக்குப் பொருளுடையனவாகின்றன. ஸ்மாயில், ஙா என்னும் மலாய் இளைஞர் இருவர் வேலையாட்களாய் வந்து, கதையின் உயிர்நிலையில் இடம் பெறுகின்றனர். ஸ்மாயில் தன்னிலை இழந்து ‘அமோக்’ என்னும் கொலைவெறிக்கு ஆளாவதே நூலின் அவல முடிவு.

ஒரு மனிதனின் வாழ்வைப் பிறிதொரு மனிதன் எவ்வாறு உருவாக்குகிறான் என்பதைக் காட்டுவதில் இந்நூல் உயர்ந்து நிற்கிறது. இயற்கைக் காட்சிகளும் அவ்வாறே. காடு இங்கே திரைச்சீலையாக நில்லாமல் மாந்தரின் மனத்தோடு கலந்து இயங்குகிறது.

பந்தூனும் உள்ளுறையும்

நூலின் இசையுணர்வு முழுவதும் பந்தூன் என்னும் மலாய்ப் பாட்டில் குவிந்திருக்கிறது. இயல்களின் வாயிலில் பந்தூன்களே நிற்கின்றன. பந்தூன் நான்கடிப் பாடல். முதலிரண்டடி புறத்தே காணும் ஒரு காட்சியைக் கூறும். பின்னிரண்டடி உள்ளத்துக் கருத்தைக் கூறும். முன்னதை ‘நிழல்’ எனப் பொருள்படும் சொல்லால் மலாய் மக்கள் குறிப்பர். நிழலுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெளிப்படையாக உரைக்கப்படுவதில்லை. கேட்போன் உய்த்துணர வேண்டும்.

தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்தைப் பயின்றவர்க்கு இம்முறை அயலானதன்று. கருப்பொருளைக் கூறி உரிப்பொருளை உணர்த்துவது சங்கப் பாடலின் நெறி. இரண்டும் ஒன்றே எனக் கூறுவது பொருந்தாது. உள்ளுறையில் புறக்காட்சி முழுவதும் அகப்பொருளோடு ஒத்து நடக்கும். பந்தூனில் சிற்சில வேளை ஓசையொப்புமை மட்டுமே இணைப்பாக அமைவதும் உண்டு. எனினும், பந்தூனின் நிழலில் பொருளைக் கண்டுகொண்ட செவிக்குத் தமிழ்ப் பாட்டின் வாயிலும் திறந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் தொழிலாளரிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, மலாயோடு தமிழும் பயின்றவர் ஃபொக்கோனியே. அவ்வாறிருந்தும், பந்தூன் நிற்கும் தலைவாயிலில் தமிழ்ப்பாட்டு ஒன்றேனும் நிற்கவில்லை.

கேளாமைக்குக் காரணம்

இதனை இனவெறுப்பு என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. ஒருவனது இசைச்சுவை அவனுடன் பிறப்பதன்று. பிறர் அமைத்துத் தருவது. பந்தூனைப் பிரெஞ்சு மக்களுக்கு அறிமுகப்படுத்தியவர் விக்தோர் யூகோ. 1829-இல் வெளிவந்த தம் ‘கீழ்த்திசைப் பாடல்கள்’ நூலின் குறிப்புகளில் மலாய்ப் பந்தூன் ஒன்றின் மொழிபெயர்ப்பை அவர் சேர்த்தார். அதன்பின் பந்தூன் வடிவம் பிரெஞ்சுக் கவிதையிலேயே குடிபுகுந்தது. போதலேரும் லெகோந்த் தெ லீலும் அதனைக் கையாண்டனர். ஆகவே ஃபொக்கோனியே சிலாங்கூர் ஆற்றங்கரையில் கேட்ட பந்தூன், பிரான்சின் கவிஞர்கள் முன்பே வரவேற்று அமர்த்திய விருந்தினர்.

தமிழுக்கு அத்தகைய அறிமுகம் வாய்க்கவில்லை. ஏரியல் என்பார் 1848-இல் திருக்குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தார். பாரிசில் ழூலியேன் வின்சோன் தமிழ் கற்பித்தார். ஆயினும் பிரெஞ்சு உலகில் தமிழ் அறநூலாகவும் இலக்கணமாகவும் அறிஞர் மேசைக்குச் சென்றதேயன்றி, பாட்டாகக் கவிஞர் செவிக்குச் செல்லவில்லை. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கும்மிக்கும் ஒரு யூகோ கிடைக்கவில்லை.

மற்றொரு காரணம் தோட்ட அமைப்பிலேயே உள்ளது. துரைமார் மலாய் மொழியை வீட்டில், ஓய்வு வேளையில், பேச்சுத் துணையாகக் கேட்டனர். தமிழையோ வைகறைப் பெரட்டுக் களத்தில், ஏவலுக்குரிய மொழியாகக் கேட்டனர். இலங்கையில் தோட்டத்துரைமார் பயில்வதற்கென்று வந்த நூலொன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பது. ஏவுவதற்கு மட்டும் கற்ற மொழியில் பாட்டு காதில் விழுந்தாலும் உள்ளத்தில் விழாது. கங்காணியும் கிராணியும் இடையில் நிற்க, லயத்தின் மாலைப் பொழுது துரை மாளிகைக்கு எட்டாத தொலைவாயிற்று.

இதன் விளைவைப் பழனியாயி என்னும் தமிழ்ப்பெண்ணின் படைப்பில் காணலாம். லெஸ்காலின் வாழ்வில் நெருக்கமாக வந்து அமைபவள் அவள். ஆயினும் ரொலேனைப்போல் அவள் அவனை ஆக்கவில்லை. ஸ்மாயிலைப்போல் கதையின் முடிவை ஏந்தவுமில்லை. ஸ்மாயிலுக்குப் பின்னால் பந்தூனும், அதைப் பாடிய ஒரு மக்கட்கூட்டமும் நிற்கின்றன. பழனியாயிக்குப் பின்னால் அவள் இனத்தாரின் பாட்டு அங்ஙனம் நிற்கவில்லை. பாட்டுக்கு உரியவராக அறியப்பட்ட மக்கள் கதையில் ஆழம் பெறுகின்றனர்; உழைப்புக்கு உரியவராக மட்டும் அறியப்பட்டோர் உருவமாக நின்றுவிடுகின்றனர். இந்நூலின் குறை இதுவே.

பயிலும் முறை

அதுபற்றி நூலை ஒதுக்குதல் தகாது. அன்புடன் கேட்ட ஒரு செவி அயலார் பாட்டை எத்துணை உயர்த்த முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது. தமிழ்ப்பாட்டை ஐரோப்பியர் கேட்க இயலாது என்பதற்கும் இடமில்லை. சார்லசு கோவர் 1871-லேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்துள்ளார்.

தோட்டப் பாடல்களைப் பொறுத்தவரை, பிறர் செய்யாததைத் தமிழரே செய்ய வேண்டியதாயிற்று. இரா. தண்டாயுதம், முரசு நெடுமாறன் முதலியோர் மலேசியத் தமிழரின் நாட்டுப்புறப் பாடல்களைப் போற்றித் திரட்டிய பணி இவ்வகையிலேயே பெருமதிப்புடையது. பெரட்டும் மங்கும் பால்வாளியும் கப்பற் பயணமும் அப்பாடல்களில் பாடுபொருளாயின. பாடியோரே தம் வாழ்வை உரைக்கும் மொழி அது.

ஆதலின் ‘மலேசி’யை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், அதன் அருகிலேயே தோட்டப் பாடல்களையும் வைத்துக் கற்பித்தல் நன்று. கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றிலிருந்து மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். லயத்தில் பாடிய தலைமுறையில் எஞ்சியோர் முதியோரே. அவர்கள் நினைவிலுள்ள பாடல்களை மாணாக்கர் கேட்டு எழுதுவாராயின், அப்புதினம் விட்டுச்சென்ற இடம் ஒருவாறு நிரம்பும். அப்பணிக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமை போதும்.