முற்றுப்பெறாத பாட்டு

எழுதி முடித்த பாட்டைத்தான் மேடையில் பாட வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆரம்ப வருஷங்களைப் பார்த்தால், இந்த எண்ணம் அவ்வளவு சரியல்ல என்று தெரிகிறது.

ஜார்ஜியா மாகாணத்தில் ஏதென்ஸ் என்று ஒரு கல்லூரி ஊர். அங்கே வழிபாடு நின்றுபோயிருந்த பழைய மாதா கோயில் ஒன்றில், 1980 ஏப்ரல் 5ஆம் தேதி, ஒரு பிறந்தநாள் விருந்தில் இவர்களுடைய முதல் கச்சேரி நடந்தது. பாடிய மைக்கேல் ஸ்டைப் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். கிதார் வாசித்த பீட்டர் பக் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். பேஸ் கிதார் மைக் மில்ஸ். டிரம்ஸ் பில் பெர்ரி. கேட்க வந்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறவர்கள் அல்ல, ஆடுகிறவர்கள். ஆகவே பாட்டுக்கு முதல் தேவை வேகம். அர்த்தம் மெதுவாக வந்தால் போதும்.

'ரேடியோ ஃப்ரீ யூரோப்' என்ற பாட்டு இப்படிப்பட்ட மேடைகளில் உருவானதுதான். 1981இல் அதை வட கரோலினாவில் பதிவு செய்தார்கள். மிட்ச் ஈஸ்டர் என்பவர் தம் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடம் அது. ஹிப்-டோன் என்ற சின்னக் கம்பெனி இசைத்தட்டை வெளியிட்டது. பதிவு நடந்தபோதுகூட ஸ்டைப் வார்த்தைகளை முழுதாக எழுதி முடித்திருக்கவில்லை. பாதி சொல், பாதி முனகல். ஆனால் அந்தக் குரலில் தயக்கம் கிடையாது. என்ன சொல்கிறார் என்று புரியாமலே அவருடைய அவசரம் நமக்குப் புரிந்துவிடுகிறது.

அதே பாட்டை 1983இல் 'மர்மர்' என்ற முதல் ஆல்பத்துக்காக மறுபடியும் பதிந்தார்கள். ஈஸ்டரோடு டான் டிக்சனும் சேர்ந்துகொண்டார். வேகம் குறைந்தது, வாத்தியங்கள் தனித்தனியாகத் தெளிந்து கேட்டன. அந்த ஆல்பத்தை 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அவ்வருஷத்தின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. தகுதியானதுதான். என்றாலும் இந்தப் பாட்டைப் பொறுத்தமட்டில் ஏதோ குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். எதிரே ஆடிய கால்கள் இதில் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010இல் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்ததும் 1981ஆம் வருஷத்துப் பதிவைத்தான்.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கடம். வாரா வாரம் அச்சுக்கு ஓடிய அத்தியாயத்தைப் புத்தகத்துக்காகத் திருத்துகிறோம். வாக்கியம் நேராகிறது, மூச்சு போய்விடுகிறது. திருத்தாமல் விடவும் மனசு கேட்பதில்லை.

இந்த நால்வரிடம் நான் மதிப்பது ஒன்று உண்டு. வேகத்தைத் திருத்தினார்கள், ஓசையைத் திருத்தினார்கள். அந்த முனகலை மட்டும் தெளிவாக்க முயலவில்லை. 'மர்மர்' என்றால் முணுமுணுப்பு. தங்கள் குறை என்று பிறர் சொல்லக்கூடியதையே தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

குழு 2011இல் கலைந்துவிட்டது. இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் 1981ஐக் கேளுங்கள்.