‘ஆண்களுக்கு மட்டும்’ என்றால் போதுமா?

பெங்களூருவில் தனியார் போதை மீட்பு மையங்கள் சில, ‘ஆண்களுக்கு மட்டும்’ என்பதையே ஒரு சிறப்புச் சிகிச்சை போல விளம்பரம் செய்கின்றன. மத்திய சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் மூலம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். இந்த நாட்டில் எங்கே போதை மீட்பு வார்டு திறந்தாலும் அது தானாகவே ஆண்கள் வார்டு ஆகிவிடும். இதில் சிறப்பு எங்கே வந்தது?

குடியை நிறுத்திய முதல் வாரத்தில் கை நடுங்கும், தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும். அதற்குத் தரும் டயஸிபாம் மாத்திரைக்கும் தயமின் ஊசிக்கும் ஆண், பெண் பேதம் தெரியாது. குழுவாகப் பேசத் தொடங்கும்போதுதான் அந்தப் பேதம் பற்றிய கேள்வி எழுகிறது. ஆண்கள் மட்டும் உட்கார்ந்தால் சிலர் அழுவார்கள், தாம்பத்தியக் குறை பற்றி வாய்விட்டுக் கேட்பார்கள். இது மெய்யான பயன். அதே வட்டத்தில்தான், ஒரே மூச்சில் எத்தனை குவார்ட்டர் போட்டேன் என்ற பழைய பெருமையும் கிளம்பும். அமெரிக்க அரசு 2013-இல் ஆண்களுக்கெனத் தனிச் சிகிச்சைக் கையேடே வெளியிட்டது. வெட்கம், வன்முறை, தகப்பன் பொறுப்பு என்று அது எடுத்துப் பேசும் விஷயங்கள் சரியானவை. விளம்பரங்களில் இவை எதையும் காணோம்.

குடும்பத்தையும் வன்முறையையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தால் பயன் உண்டு என்பதற்குப் பெங்களூருவிலேயே சான்று உண்டு. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், மறுபடி குடிக்காமலிருக்கும் பயிற்சியைக் குடும்பத்தாரில் ஒருவரோடு சேர்ந்து பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 2016-இல் இன்னொன்று: குடிநோயோடு மனைவியை அடிக்கும் வழக்கமும் இருந்த 177 ஆண்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டையும் சேர்த்துப் பேசும் உளச்சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமானது. மூன்று மாதத்தில், குடியின் அளவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் முதல் பிரிவில் அடி குறைந்தது, மனைவியரின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

எனக்கு, அடி குறைந்தது என்ற இந்த முடிவே முக்கியம். குடி நின்றால் அடியும் தானே நின்றுவிடும் என்று சொல்லித்தான் மாமியார் வீட்டார் பெண்ணைச் சமாதானப்படுத்துகிறார்கள். குடியோடு அடியையும் நேரடியாக எடுத்துப் பேச வேண்டும் என்கிறது ஆய்வு. மூன்று மாதம் குறுகிய காலம்தான். ஆயினும் திசை தெளிவு.

ஆகவே என் தீர்ப்பு: ஆண்களை மட்டும் சேர்ப்பது இட ஏற்பாடு. வன்முறையைக் கேட்டறிந்து, குடும்பத்தையும் உள்ளே அழைத்துப் பேசினால்தான் அது ஆண்களுக்கான சிகிச்சை. மனைவியை அழைப்பதிலும் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. பெங்களூருவின் பீன்யா பகுதியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கணவனுக்குக் காவலாளியாக வந்து உட்கார வேண்டுமா? அண்ணனோ தம்பியோ வரலாம். மனைவிக்கு அவருடைய நலனுக்கென்றே தனி ஆலோசனை நேரம் வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்.