நடுநிலைப் பள்ளிச் சிறுவர்க்கான நூல் தேர்வும் மொழிபெயர்ப்பும்: ஃபெலுதா கதைகளை முன்வைத்து

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர்க்கு நூல் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாளுகின்றனர். ஒன்று பொருள் பற்றியது. நூல் எதைக் கூறுகிறது, அறக்கருத்து உண்டா என்று பார்ப்பது. மற்றொன்று சொல் பற்றியது. கடினச் சொற்கள் எத்தனை, வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று எண்ணுவது. இவ்விரண்டிலும் தேறிய நூல்கள் அலமாரியில் புத்தம் புதிதாகவே இருக்க, எவரும் பரிந்துரைக்காத நூல்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோவதைப் பள்ளி நூலகர்கள் நன்கறிவர். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைத் தேர்வுக்குழு எதுவும் பரிந்துரைத்திருக்க வாய்ப்பில்லை. அது பிரிட்டிஷ் சித்திரத் தொடர் ஒன்றின் மொழிபெயர்ப்பு. அறக்கருத்து மிகச் சிறிது. ஆயினும் ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவரை வாசகராக்கியதில் அதற்குப் பங்குண்டு.

இரு அளவுகோல்களும் காணத் தவறுவது கதை சொல்பவனின் குரலை. கதையை யார், யாரிடம், எந்த உறவுநிலையில் நின்று சொல்கிறான் என்பதே பன்னிரண்டு வயதுச் சிறுவனை முதல் பக்கத்தில் நிறுத்துகிறது, அல்லது துரத்துகிறது. இதனை விளக்கச் சத்யஜித் ராயின் ஃபெலுதா கதைகள் ஏற்றவை. 1913இல் உபேந்திரகிஷோர் ராய் தொடங்கி, 1961இல் சத்யஜித் ராயும் சுபாஷ் முகோபாத்யாயும் மீண்டும் உயிர்ப்பித்த ‘சந்தேஷ்’ இதழில் 1965இல் முதல் ஃபெலுதா கதை வெளிவந்தது. ராய் 1992இல் மறையும்வரை தொடர் நீண்டது. துப்பறிபவர் பிரதோஷ் சந்திர மித்திர் என்னும் ஃபெலுதா. கதையைச் சொல்பவனோ அவருடைய தம்பி முறையுள்ள சிறுவன் தபேஷ். அண்ணன் அவனைத் தோப்ஷே என்கிறார். அது வங்காளத்தில் ஒரு மீனின் பெயர். வாசகன் வயதை ஒத்த ஒருவன், தன்னினும் அறிவு மிக்க அண்ணனை வியந்தும் அவ்வப்போது அவரிடம் கேலிப்பட்டும் கதை சொல்கிறான். தேர்வுக்குழுவினர் காண வேண்டிய முதற்சிறப்பு இதுவே.

இரண்டாம் சிறப்பு லால்மோகன் கங்குலி. ‘ஜடாயு’ என்னும் புனைபெயரில் சாகசக் கதைகள் எழுதும் இவர் ‘சோனார் கேல்லா’வில் அறிமுகமாகிறார். வயதில் மூத்தவர், நல்லவர், எழுதுவதில் தகவல் பிழைகள் மலிந்தவர். ஒட்டகம் பாலையில் எவ்வாறு நீரின்றி வாழ்கிறது என்பதுபோன்ற செய்திகளில் ஃபெலுதா அவரைத் திருத்துகிறார். நீதிக்கதைகளில் பெரியவர் தவறுவதில்லை, சிறுவனே தவறுகிறான். இங்கு ஒரு பெரியவர் தவறுகிறார், திருத்தப்படுகிறார், மதிப்பிழக்காமல் நட்பாகத் தொடர்கிறார். அறிவியல் செய்தியும் சிறுவனுக்குப் பாடமாக அன்றி வேடிக்கையாக வந்து சேர்கிறது. இக்கதைகளில் பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு என்பது உண்மையான குறை. ஆண்பிள்ளைகளுக்கான நூல் என்று முத்திரையிட்டுப் பெண்பிள்ளைகளிடமிருந்து இவற்றை விலக்குவதற்கு அக்குறை காரணமாகாது. சந்தேஷ் இருபாலர்க்குமான இதழ்.

தேர்வு இத்துடன் முடிவதில்லை. மூலத்தில் சிறுவனைக் கவர்ந்த குரல் பெறுமொழியில் எஞ்சுகிறதா என்பதும் தேர்வின் பகுதியே. தமிழில் இவற்றைப் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர் முன்னிலைப் பெயர்களில் தொடங்குகிறது. வங்க மொழியில் துயி, துமி, ஆப்னி என மூன்று படிநிலைகள் உள. ஃபெலுதா தம்பியைத் துயி என்கிறார். தம்பி அவரைத் துமி என்கிறான். ஃபெலுதாவும் லால்மோகனும் ஒருவரையொருவர் ஆப்னி என்றே அழைக்கின்றனர். ஆங்கிலப் பெயர்ப்பில் மூன்றும் ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றன. அதனை மூலமாகக் கொள்ளும் தமிழ்ப் பெயர்ப்பாளர் இழந்த படிநிலையை ஊகத்தால் மீட்க வேண்டியவராகிறார். ஊகம் பொதுவாக மரியாதைப் பக்கமே சாய்கிறது. தம்பி அண்ணனை எங்கும் ‘நீங்கள்’ என்கிறான். இதனால் இருவருக்கும் இடையே ஆசிரியர் மாணவர் உறவு தோன்றிவிடுகிறது. வங்க மூலத்தில் அவ்விறுக்கம் இல்லை.

தமிழில் மூன்று படிநிலைகளுக்கு வழியில்லாமல் இல்லை. ‘நீ’யுடன் ‘டா’ சேர்வது துயிக்கும், வெறும் ‘நீ’ துமிக்கும், ‘நீங்கள்’ ஆப்னிக்கும் ஏறத்தாழ ஈடாகும். அண்ணனை ‘நீ’ என்றழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஆனால் இங்கே ஓர் எதிர்பாராத மோதல் நேர்கிறது. ஃபெலு என்பது செல்லப்பெயர். ஈற்றிலுள்ள ‘தா’ அண்ணனைக் குறிக்கும் ‘தாதா’வின் குறுக்கம், பல்லொலி. ஆங்கில எழுத்து வழி வருவதால் தமிழில் இது ‘ஃபெலுடா’ என்றோ ‘ஃபெலூடா’ என்றோ எழுதப்பட்டுவிடுகிறது. மதிப்புச் சொல், தமிழ்ச் செவிக்கு அதற்கு நேர் எதிரான ‘டா’வாகக் கேட்கிறது. அண்ணன் தம்பியைப் பார்த்து “கவனிச்சியாடா?” என, தம்பி “இல்லை ஃபெலுடா” என விடையிறுத்தால் உறவே தலைகீழாகிறது. ‘ஃபெலுதா’ என எழுதுவதும், அது ‘ஃபெலு அண்ணன்’ எனத் தோப்ஷேயின் வாய்மொழியாகவே ஒருமுறை உணர்த்துவதும் போதும், அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

அடுத்தது இரட்டை வழக்கு. வங்க உரைநடையில் சாது, சலித் என்னும் இரு நடைகளுக்கிடையிலான பூசல், பிரமத சௌதுரியின் ‘சபுஜ் பத்ர’ 1914இல் தோன்றிய பின்னர்ப் படிப்படியாகச் சலித் நடைக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆகவே ராய்க்குக் கதைகூறலும் உரையாடலும் ஒரே நடையில் அமைந்தன. தமிழில் அப்பூசல் அவ்வாறு தீரவில்லை. சிறுவர் நூல்கள் பலவற்றில் பன்னிரண்டு வயதுப் பையனும் “நான் அதனைக் கண்டேன்” என்றே பேசுகிறான். முற்றிலும் பேச்சு வழக்கில் எழுதினால், கொல்கத்தாச் சிறுவன் மதுரையிலோ சென்னையிலோ பிறந்தவனாகிவிடுவான். வட்டாரமும் சாதியும் தோன்றாத பொதுப் பேச்சு வழக்கை உரையாடலுக்கும், குறுகிய வாக்கியங்களையுடைய எளிய எழுத்து வழக்கைக் கதைகூறலுக்கும் கொள்வதே தக்கது. இதிலும் ஓர் இழப்புண்டு: தோப்ஷே நண்பனிடம் பேசுவதுபோல் எழுதும் தொனி, கதைகூறலில் சற்றே விறைக்கும்.

லால்மோகன் இந்தி பேச முயலும் இடங்கள் வங்க வாசகனுக்குச் சிரிப்பூட்டுபவை. தமிழ்ச் சிறுவனுக்குப் பிழையற்ற இந்தியும் பிழையுள்ள இந்தியும் ஒன்றே. அவ்விடங்களில் இந்தியை அப்படியே ஒலிபெயர்ப்பது பயனற்றது.

சொல்விளையாட்டு இன்னும் கடினமானது. ‘குர்குட்டியார் கடனா’ என்னும் கதையில் கிளி ஒன்று சொல்லும் வங்கத் தொடரில் இரும்புப் பெட்டியின் எண் மறைந்துள்ளது. வங்கச் சொற்களை ஆங்கில எண்களின் ஒலியாகக் கேட்டால் விடை கிடைக்கும். ‘திரிநயன்’ மூன்றும் ஒன்பதுமாகிறது. ‘நயனம்’ தமிழிலும் வழங்குவதாலும், விளியாகிய ‘ஓ’ இங்கும் இருப்பதாலும் பாதிப் புதிர் தானாகவே தமிழில் நிற்கிறது. எட்டும் இரண்டுமாக ஒலிக்கும் ‘எக்டு’, சுழியாக ஒலிக்கும் ‘ஜிரோ’ ஆகியவை நிற்பதில்லை. இவற்றை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் விளக்கினால், சிறுவன் ஃபெலுதாவுக்கு முன்னரே விடை காணும் வாய்ப்பை இழக்கிறான். அவ்வாய்ப்புக்காகவே அவன் இந்நூலை எடுத்தான். பெட்டியின் எண் மாறுவதால் கதைக்குக் கேடில்லை. ‘எட்டு’ என்பது தமிழில் எண்ணாகவும் ஏவல் வினையாகவும் நிற்கும் சொல். அதனைக் கொண்டே கிளிக்குப் புதியதொரு தொடரை அமைத்து, அதற்கேற்ப எண்ணையும் மாற்றிக்கொள்ளப் பெயர்ப்பாளருக்கு உரிமையுண்டு.